இருபத்து மூன்றாம் கேள்வி

ஏப்ரல் 9, ஞாயிறு

ஈஸ்டர் ஆராதனையில் இரண்டாம் பாடம் வாசிக்க என்னைப் போட்டிருந்தார்கள். ஒரே வசனத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டேன் என்று வெளியே வந்ததும் இவர் சொன்னார். இவர் என்றால் என் கணவர் தங்கதுரை. முப்பத்து மூன்று வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். யார் என்ன தவறு செய்தாலும் விசில் ஊதாமல் இருக்க முடியாது. கோயிலில் புதிதாக வாங்கிப் போட்டிருக்கும் வேதாகமத்தின் அச்சு அந்த லட்சணத்தில் இருக்கிறது. சபையில் யாரும் கவனிக்கவில்லை. பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் அடுத்தவளின் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த டைரியும் மட்டமான சரக்கு. பக்கத்தின் நடுவில் கோடுகள் நெளிகின்றன. நேராக ஒரு கோடு போடத் தெரியாதவனெல்லாம் அச்சகம் வைத்திருக்கிறான்.

நாளை முதல் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம். எனக்கு இது இருபத்தெட்டாவது. இரண்டு சிவப்புப் பேனா எடுத்து வைத்தாயிற்று. இட்லிக்கு மாவு அரைத்தேன்.

ஏப்ரல் 10, திங்கள்

முகாம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில். மாடி, கடைசி அறை. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வருவதில்லை. வெளிச்சமும் வருவதில்லை. ஜன்னல் பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டேன்.

என் மேசைக்கு முதன்மைத் தேர்வாளர் அழகுவேல். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் பள்ளியில் வந்து சேர்ந்தபோது வகுப்பில் சாக்பீஸை எந்தக் கையில் பிடிப்பது என்று யோசித்தவர். இன்று நாங்கள் திருத்துவதை அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதாம், சட்டையில் மடிப்புக் கலையாமல் நடக்கிறார். எனக்கு வலப்பக்கம் முப்பிடாதி சார். அவருடைய கணிதத் திறமை முழுவதும் அடுத்த டீ எத்தனை மணிக்கு என்று கணக்கிடுவதில் செலவாகிறது. கூர்ந்தாய்வு அலுவலர் என்று ஒரு சின்னப் பெண், ரஹ்மத் நிஷா, கடையநல்லூரிலிருந்து வருகிறாள். எல்லா விடைக்கும் மதிப்பெண் விழுந்திருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பது மட்டுமே அவள் வேலை. ஒரு தாளை எடுத்தால் அதைப் பெண் பார்க்க வந்தவள் போல முன்னும் பின்னும் பார்க்கிறாள்.

காலை முழுவதும் விடைக்குறிப்பை வாசித்தார்கள். இருபத்து மூன்றாம் கேள்வி, இரண்டு மதிப்பெண்: 5x + 2y + 8 = 0 என்ற நேர்க்கோட்டின் சாய்வு, y வெட்டுத்துண்டு காண்க. சாய்வு −5/2, ஒரு மதிப்பெண். வெட்டுத்துண்டு −4, ஒரு மதிப்பெண். இதை வாசித்து விளக்க அழகுவேலுக்குப் பத்து நிமிடம் ஆனது.

இதில் என்ன இருக்கிறது? y-ஐ ஒரு பக்கம் தனியாக நிறுத்து. மற்றதை அந்தப் பக்கம் அனுப்பு. போகும்போது குறி மாறும். y-க்கு முன்னால் நிற்கிற இரண்டால் எல்லாவற்றையும் வகு. இப்போது x-க்கு முன்னால் நிற்பது சாய்வு, தனியாக நிற்பது வெட்டுத்துண்டு, அதாவது கோடு y அச்சை வெட்டுகிற இடம். முப்பத்தொரு வருடமாக இதைச் சொல்கிறேன். முப்பத்தொரு வருடமாக x-க்கு முன்னால் இருக்கிற ஐந்தை அப்படியே பிடுங்கி "சாய்வு 5" என்று எழுதுகிற ஒரு கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. அவர்களுக்குச் சமன்பாடு என்பது சுண்டல் பொட்டலம்; கையை விட்டால் எது வருகிறதோ அது.

மதியம் பன்னிரண்டு தாள்.

ஏப்ரல் 11, செவ்வாய்

இருபத்து நான்கு தாள். காலை பன்னிரண்டு, மதியம் பன்னிரண்டு.

ஒரு விஷயம் எழுதி வைக்க வேண்டும். இந்த மையத்துத் தாள்களில் பிள்ளைகளுக்கு மைனஸ் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. இருபத்து மூன்றில் படிகளெல்லாம் ஒழுங்காக வருகின்றன. கடைசியில் சாய்வு 5/2, வெட்டுத்துண்டு 4. வரிசையாக ஏழெட்டுத் தாளில் இதே கதை. ஒருத்தியோ ஒருத்தனோ, 2y = 5x 8 என்று எழுதியிருக்கிறது. ஐந்து எக்ஸுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. மளிகைச் சாமான் பட்டியல் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறது.

சாய்வில் மைனஸ் இருந்தால் கோடு இடமிருந்து வலம் போகும்போது இறங்கும். இல்லாவிட்டால் ஏறும். மாடிப்படியில் ஏறுகிறவனும் இறங்குகிறவனும் ஒரே இடத்துக்கா போவார்கள்? பூஜ்யம் போட்டேன். இரண்டுக்கும் பூஜ்யம்.

அந்தப் பள்ளியில் பாடம் நடத்தியவர் யாராக இருந்தாலும் அவரைக் கையெழுத்துப் போட மட்டும்தான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் எழுதுகிற பேனாவும் சரியில்லை. மை ஒழுகாத பேனா என்று விளம்பரம் செய்கிறார்கள். மை வராத பேனா.

திரும்பும்போது தவறான பேருந்தில் ஏறிவிட்டேன். இப்போதெல்லாம் எண்ணைப் பெயருக்கு ஒட்டுகிறார்கள். வண்ணார்பேட்டையில் இறங்கி வேறு வண்டி பிடித்து வர ஒரு மணி நேரம். இவரிடம் சொல்லவில்லை. நடத்துநரின் மனைவி வண்டி மாறி ஏறினாள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஏப்ரல் 12, புதன்

காலையில் கீரை ஆய்ந்து கடைந்து வைத்துவிட்டுப் போனேன். கீரையில் புழு இருந்ததாம். தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து, நான் வரும்வரை காத்திருந்து காட்டினார். ஓய்வுபெற்ற ஆணுக்கு வேறு என்ன வேலை.

"ஏளா நவமணி, ஒரு தரம் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவோமா?" என்றார்.

"கண்ணாடி மாத்தி ரெண்டு வருசம்தான் ஆகுது. கீரைக்காரிய மாத்துங்க" என்றேன்.

"சுகரையும் ஒரு தரம் பாத்துருவோம். போன வருசம் எடுத்ததுல..."

போன வருடம் எடுத்ததைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லியாயிற்று. அந்தப் பரிசோதனை நிலையத்துப் பையன் யாருடைய இரத்தத்தையோ என் பெயரில் ஒட்டிவிட்டான்.

இன்றும் இருபத்து நான்கு. மதியக் கட்டில் ஒரு தாள் முப்பத்து நான்கில் நின்றது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. அழகுவேல் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"டீச்சர், ஒண்ணுல நிக்குது. இன்னொரு தரம் பாத்துருங்களேன்."

"நீங்களே பாருங்க சார். அதுக்குத்தான உங்களை உக்கார வச்சிருக்கு."

"நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி டீச்சர்" என்று சிரித்தார்.

பார்த்தேன். வேறு எங்கும் கொடுக்க வழியில்லை. இருபத்து மூன்றில் கோடு ஏறுகிறது. அந்தப் பிள்ளை ஒரு சின்னக் கோடு கிழித்திருந்தால் தேறியிருக்கும், கிழிக்கவில்லை. பாவம் பார்த்து ஒரு மதிப்பெண் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், முப்பிடாதி மாதிரி. நான் அந்த ரகம் இல்லை. முப்பத்து நான்கு என்று வட்டம் போட்டுக் கொடுத்தேன். அழகுவேல் தாளைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டார்.

தேநீர் இடைவேளையில் யாரோ பேத்தி பிறந்ததற்கு லட்டு கொடுத்தார்கள். இரண்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 13, வியாழன்

ரஹ்மத் நிஷா இன்று என் மேசைக்கு வந்தாள். கையில் என் காலைக் கட்டிலிருந்து இரண்டு தாள்.

"டீச்சர், ஒரு நிமிசம். இருபத்து மூணுல ரெண்டுக்கும் ஜீரோ போட்டிருக்கீங்க."

"தப்புன்னா ஜீரோதான போடணும்?"

"இதுல மைனஸ் இருக்கே டீச்சர்."

தாளை வாங்கிப் பார்த்தேன். 5/2 என்று இருந்தது. 4 என்று இருந்தது. அப்படித்தான் சொன்னேன். அவள் பக்கத்தில் குனிந்து, விரல் நகத்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். தாளைச் சாய்த்தேன். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். கொஞ்சம் தள்ளிப் பிடித்தபோது ஏதோ மயிரிழை போல இருந்தது, பிறகு இல்லை.

"இதுக்குப் பேரு மைனஸா? கொசு உக்காந்துட்டுப் போன தடம்" என்றேன்.

முப்பிடாதி எட்டிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நிஷா குரலைத் தாழ்த்தினாள். "நான் மதிப்பெண் பாக்கக் கூடாது டீச்சர், கூட்டல்தான் பாக்கணும். கண்ணுல பட்டுச்சு, அதான் உங்ககிட்ட நேரா வந்தேன். சார்ட்ட சொல்லல."

எனக்குத் தயவு காட்டுகிறாள். நான் பணியில் சேர்ந்த வருடம் இவள் பிறந்திருக்கவே மாட்டாள். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு தாளிலும் ஒன்று, ஒன்று என்று போட்டு, கூட்டலைத் திருத்திக் கொடுத்தேன்.

"தெளிவா எழுதாத பிள்ளைங்களுக்கு வக்கீலா வாதாடுத" என்றேன். அவள் போய்விட்டாள்.

மதியம் பன்னிரண்டு தாள். ஒவ்வொரு இருபத்து மூன்றையும் ஜன்னலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். எல்லாரையும் விடக் கடைசியாக முடித்தேன். நிழல் விழுகிற அறையில் திருத்தச் சொன்னால் இப்படித்தான்.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. முகாம் விடுமுறை. துணி துவைத்தேன். மொட்டை மாடியில் காயப்போடக் கொடி எங்கே இருக்கிறது என்று கையால் துழாவ வேண்டியிருந்தது. வெயில் கண்ணைக் கூசுகிறது.

காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இவரைக் கூப்பிட்டேன். நாட்காட்டியில் கிழித்த தாளைக் கொடுத்து, பின்பக்கம் பத்து எண் எழுதச் சொன்னேன். சிலவற்றுக்கு முன்னால் மைனஸ் போடுங்கள், சிலவற்றுக்கு வேண்டாம் என்றேன்.

"எதுக்கு?"

"எழுதுங்க."

டிக்கெட் கிழித்த கை. எழுத்து கோணல்மாணல். நான் வாசிக்க வாசிக்க அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விசில் ஊதவில்லை. கடைசி எண் முடிந்ததும் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எத்தன சரி?" என்றேன்.

"ஆறு."

பத்துக்கு ஆறு. அறுபது சதவீதம். நல்ல தேர்ச்சிதான்.

"தப்பு எது?"

"நான் மைனஸ் போட்டது மொத்தமே ஆறு, நவமணி. அதுல நீ ரெண்டு சொன்ன."

அவருடைய பேனாவும் மட்டமான பேனா. அதைச் சொன்னேன். அவர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். கண் மருத்துவமனையில் நாளை பத்து மணிக்கு வரச் சொன்னார்களாம்.

ஏப்ரல் 15, சனி

முகாமுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

மருத்துவமனையில் ஒவ்வொரு அறையாகத் தள்ளினார்கள். சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கிழவர் என்னிடம் தன் மருமகளைப் பற்றி முழுவதும் சொல்லிவிட்டார். கண்ணை மூடியிருப்பவளுக்குக் காது இரண்டு மடங்கு கேட்கும் என்று நினைத்தார் போல.

மருத்துவர் இளைஞர். ஒரு கட்டம் போட்ட அட்டையைக் கையில் கொடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

"கோடெல்லாம் நேரா இருக்காம்மா?"

"நீங்க அட்டைய மடக்கிப் பிடிச்சிருக்கீங்க."

"அட்டைய நீங்கதாம்மா பிடிச்சிருக்கீங்க."

நடுவில் கோடுகள் உள்ளே குழிந்து நெளிந்தன. ஓரிடத்தில் கோடே இல்லை. மறு கண்ணில் அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் நெளிகிறது. சொன்னேன்.

"சுகர் எத்தன வருசமா இருக்கு?"

"எனக்கு இல்ல."

இவர் பையிலிருந்து போன வருடத்துச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். நான் குப்பையில் போட்ட சீட்டு. மடிப்பெல்லாம் நீவி, உறைக்குள் வைத்திருந்தார். மருத்துவர் வாசித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார். இரண்டு பேரும் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் மாதிரி பேசிக்கொண்டார்கள்.

விழித்திரையில் நீர் கோத்திருக்கிறதாம். புதன்கிழமை ஊசி, கண்ணுக்குள்ளேயே போடுவார்களாம்.

"மெல்லிசா எழுதுனது விட்டுப்போகுமா?" என்று கேட்டேன்.

"போகும். சின்னச் சின்னக் கோடு, புள்ளி எல்லாம் கண்ணுக்குத் தப்பிரும்."

"எவ்வளவு நாளா இருக்கும் இது?"

"ஆறு மாசமாவது ஆகியிருக்கும். உங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமாத் தெரியலையா?"

வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தேன் என்றேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. திங்கள் மதியம் பன்னிரண்டு. செவ்வாய், புதன், வியாழன் இருபத்து நான்கு இருபத்து நான்காக எழுபத்திரண்டு. எண்பத்து நான்கு. நிஷா கொண்டுவந்தது இரண்டு.

ஏப்ரல் 17, திங்கள்

முகாம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் போனேன். அழகுவேல் மட்டும் வந்திருந்தார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் இதுவரைக்கும் திருத்துன எண்பத்து நாலு தாளையும் திரும்பத் திருத்தணும்."

"எதுக்கு டீச்சர்? காய்ச்சல் எப்படி இருக்கு?"

"காய்ச்சல் இல்ல. எனக்குக் கண்ணு தெரியல."

மருத்துவச் சீட்டைக் கொடுத்தேன். வாசித்தார். துடைத்த துணியை மேசையிலேயே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு நாள் கட்டுகளும் மதிப்பெண் பதிவு அறைக்குப் போய்விட்டன என்றார். அங்கிருந்து திரும்ப எடுக்க முகாம் அலுவலரின் எழுத்துமூல உத்தரவு வேண்டும் என்றார். நிஷா பார்த்த இரண்டு தாள்களைத்தான் திருத்தியாயிற்றே என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"இனிமே நீங்க திருத்த வேண்டாம். உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுங்க, நான் விடுவிச்சிருதேன். மறுகூட்டல் இருக்கு, மறுமதிப்பீடு இருக்கு. கேக்குற பிள்ளைங்க கேட்டு வாங்கிக்கும்."

"தோத்துப் போனோம்னு வீட்ல முடங்கிக் கிடக்குற பிள்ள எங்க சார் போய்க் கேக்கும்?"

"டீச்சர்." சுற்றிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தார். "ஒவ்வொரு தாள்லயும் உங்க கையெழுத்துக்குக் கீழ எங்கையெழுத்து இருக்கு."

"பாக்காமப் போட்ட கையெழுத்து."

"உங்களை நம்பிப் போட்டது." முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு ரெண்டு வருசத்துல ஓய்வு. எனக்குப் பட்டியல்ல பேரு வந்திருக்கு. இந்த மாசம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்துச்சுன்னா அதோட முடிஞ்சுது. எனக்குச் சாக்பீஸ் பிடிக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதான. கொஞ்சம் யோசிங்க."

பதில் வாய்வரை வந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புதன்கிழமை அந்த முப்பத்து நான்கைத் திறக்காமல் அவர் கையெழுத்துப் போட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டேன். இன்று எழுதுகிறேன்.

வெளியே வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே ஆசிரியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி சாப்பாட்டுப் பை. அழகுவேல் சொன்னதில் ஒரு வசதி இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ரகசிய எண் போட்ட தாள்கள். எந்தப் பிள்ளை என்று நானும் அறிய மாட்டேன், என்னை அந்தப் பிள்ளையும் அறியாது.

கீழே இறங்கி முகாம் அலுவலரின் அறைக்குப் போனேன். அவர் ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவசரக்காரர், நின்றுகொண்டே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எத்தன தாளு?"

"எண்பத்து நாலு."

"நாலு நாளு. உங்களுக்குத் தெரியாமலே இருந்துச்சா டீச்சர்?"

"சனிக்கிழமைதான் டாக்டர்ட்ட போனேன் சார்."

"நான் அதக் கேக்கல."

 பதில் வரும்வரை அவர் விடுவதாக இல்லை.

"சந்தேகம் இருந்துச்சு சார்" என்றேன்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன். அழகுவேலைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் என்னைத் தாண்டி உள்ளே போகும்போது நான் தரையைப் பார்த்தேன். இருபத்தெட்டு முகாமில் இதுவரை யார் முகத்தையும் பார்க்காமல் இருந்ததில்லை.

நாளைக் காலை கட்டுகளைத் திரும்ப எடுக்கிறார்கள்.

ஏப்ரல் 18, செவ்வாய்

முகாம் அலுவலரின் அறையிலேயே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடாமல் இருக்க. மறுபடி திருத்த முப்பிடாதியைப் போட்டிருந்தார்கள். கூட்டல் பார்க்க நிஷா. அழகுவேல் இந்தத் தடவை ஒவ்வொரு தாளையும் திறந்து, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மதிப்பெண் மாறுகிற இடத்திலெல்லாம் முதலில் திருத்தியவர் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உத்தரவு. அதற்காக என்னையும் உட்கார வைத்திருந்தார்கள்.

முப்பிடாதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வேகமானவர் இல்லை, ஆனால் படிப்படியாகப் பார்க்கிறார். ஒரு தடவைகூட டீ கேட்கவில்லை. மாறுகிற ஒவ்வொன்றையும் மெதுவாக வாய்விட்டுச் சொன்னார்.

"இருபத்து மூணு, சாய்வு மைனஸ் அஞ்சு பை ரெண்டு, இருக்கு. வெட்டுத்துண்டு மைனஸ் நாலு, இருக்கு. ரெண்டு மார்க்கு கூடுது."

நான் கையெழுத்துப் போடுவேன். எங்கே போடுவது என்று தெரியாமல் முதல் தாளில் பேனாவைக் காற்றில் வைத்திருந்தேன். நிஷா மேசையைச் சுற்றி வந்து நின்றாள். அதன்பின் ஒவ்வொரு தாளிலும் அவள் விரலை வைத்தாள், நான் அதன் பக்கத்தில் போட்டேன்.

இருபத்து மூன்றோடு முடியவில்லை. இருபடிச் சமன்பாட்டில், அணிகளில், எங்கெல்லாம் மைனஸ் உண்டோ அங்கெல்லாம். மளிகைப் பட்டியல் மாதிரி எழுதியது என்று நான் பரிகாசம் செய்த தாளும் வந்தது. ஐந்து எக்ஸுக்கு முன்னாலும் எட்டுக்கு முன்னாலும் மைனஸ் இருக்கிறது என்று மூன்று பேரும் பார்த்தார்கள். புதன்கிழமை முப்பத்து நான்கு முப்பத்தேழானது. அந்தத் தாள் வந்தபோது நான் பெயரை முழுவதும் எழுதினேன், நவமணி தங்கதுரை என்று. மற்றதில் எல்லாம் சுருக்கொப்பம்தான்.

எண்பத்து நான்கில் நாற்பத்தொன்பது தாள் மாறியது.

மூன்று மணிக்கு மேல், கடைசிக் கட்டில் ஐந்தாறு தாள் மீதி இருந்தபோது முப்பிடாதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். எல்லாரும் களைத்திருந்தோம். முகாம் அலுவலர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"இதுல சாய்வுல ஏதோ கோடு மாதிரி தெரியுது" என்றார் முப்பிடாதி. "போட்டுருவோமா டீச்சர்?"

எனக்காகத்தான் கேட்டார். இன்று முழுவதும் என் பிழைகளை வாய்விட்டுச் சொன்னதற்குப் பரிகாரம் போல. முப்பிடாதி போன்றவர்கள் ஒருவர் மேல் இரக்கப்பட்டால் அதைப் பத்துப் பிள்ளைகளின் தாளில் கரைத்துவிடுவார்கள்.

தாளை வாங்கினேன். எனக்கு அங்கே கோடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நீட்டினேன்.

"நிஷா, நீ பாரு. மைனஸ் இருக்கா?"

அவள் ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். சாய்த்துப் பார்த்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவசரப்படவில்லை. நான் முதல் நாள் பரிகசித்தது இதைத்தான். இன்று அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்றிருந்தது.

"இல்ல டீச்சர். தாளு மடிஞ்ச தடம். முன்படிலயும் மைனஸ் இல்ல. வெட்டுத்துண்டுல இருக்கு, மைனஸ் நாலு."

"சாய்வுக்கு ஒண்ணும் கிடையாது" என்றேன். "கோடு ஏறுது. வெட்டுத்துண்டுக்கு ஒண்ணு."

 முப்பிடாதி பூஜ்யத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே ஒன்று என்று எழுதினார். அழகுவேல் தாளை இழுத்து அவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இல்லதான்" என்றார். காலையிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

நிஷா விரலை வைத்தாள். அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.